ஏழை நிலத்துத் தானியம்

ஐரோப்பாவின் குளிர் நாடுகளிலே 'ரை' என்றொரு தானியம் விளைகின்றது. மணற்பாங்கான மெலிந்த நிலத்திலே கோதுமை சோர்ந்துவிட, இது தளராது கதிர் ஈனும். கோதுமை வயலிற் களையாகத் தலைகாட்டிப் பின்னர்ப் பயிராக உயர்ந்தது என்பர் தாவர நூலார். ஒருகாலத்தில் வறியோர் உணவாயிருந்த அதன் கரிய பாணை இன்று ஜேர்மனியரும் போலந்து நாட்டாரும் ருசியரும் விரும்பி உண்கின்றனர்.

நம் வன்னியிலும் அத்தகைய பயிர் ஒன்று உண்டு. அது குரக்கன். தமிழகத்தார் கேழ்வரகு என்பர். கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலத்திற் பிறந்து, பன்னெடுங்காலத்தின் முன்னரே நம் பக்கம் வந்து சேர்ந்த தானியம் இது. குளத்து நீர் எட்டாத மேட்டுக்காணியிலே வானத்தை மட்டும் நம்பி வளரும். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிற் சேனை செய்தோர் மாரியின் முதல் மழையோடு இதனை விதைத்தனர். கதிர்கள் யாவும் ஒருங்கே முற்றுவதில்லை. முற்றியவற்றைத் தேர்ந்து சிறு கத்தியாற் கொய்தல் வேண்டும். பொறுமை மிக்க வேலை! ஆயின் நன்கு உலர்த்தி வைத்த மணியைப் பூச்சி எளிதில் அணுகாது, ஆண்டுக்கணக்கில் இருக்கும். குளம் வற்றி நெல் பொய்த்த காலத்தில் அடுப்பு அணையாது காத்தது இக்குணமே.

அனுமதியின்றி அரச காட்டை வெட்டுதல் இன்று குற்றமாகும். ஆகவே சொந்த மேட்டுக்காணியிலேதான் இனிக் குரக்கன் வாழவேண்டும். அதற்கு உண்போர் வேண்டுமே! நம் வீடுகளிலோ காலையிற் பாண் என்பது வழக்கமாயிற்று. பாணுக்குரிய கோதுமை கப்பலில் வருவது. 2022ஆம் ஆண்டிலே நாட்டில் அந்நியச் செலாவணி வறண்டபோது கோதுமை மாவின் விலை ஏறியதையும், ஏழை வீடுகளிற் காலை உணவு குறைந்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

இப்பொழுது குரக்கன் நீரிழிவுக்காரரின் மருந்தாகவே பேசப்படுகின்றது. இது நமக்கு உடன்பாடன்று. மிக நுண்ணிதாக அரைத்த மாவை வயிறு நிறைய உண்டால் அதுவும் இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றவே செய்யும். திரிகையிற் சற்றுக் கரகரப்பாக அரைத்தது மெல்லச் சமிக்கும். உண்மையில் இது பிள்ளைகளுக்குரிய உணவு. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. ஆயின் தானியத்திலுள்ள சில பொருள்கள் அக்கல்சியம் முழுவதும் உடலிற் சேரவிடா. முளைகட்டினால் அத்தடை குறையும்.

குரக்கன் மாவிற்குக் கோதுமை மாவின் பசைத்தன்மை இல்லை. ஆதலாற் பாண்போல் உப்பாது. பிட்டும் ரொட்டியும் கூழுமே அதற்கு இசைந்தவை. மணியைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டிவைத்தால் வெண்முளை தோன்றும். அதனை வெயிலில் உலர்த்தி இளஞ்சூட்டில் வறுத்து அரைத்துக்கொள்க. அரிசிமா ஒரு பங்கு கலந்து தேங்காய்ப்பூவுடன் பிட்டு அவித்தாற் பிள்ளைகள் முகஞ்சுளியார்.