வீட்டுக்கு ஃபோன் வருமா?

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், புது டெல்லி.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

நாமக்கல் பக்கத்தில் நம்பிக்கை மையம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவள் நான். கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும் பெண்களிடம் எச்.ஐ.வி. முடிவைச் சொல்வதும் என் வேலை. ஏழாம் மாதத்தில் வந்த ஒரு பெண், முடிவைக் கேட்டதும் மடியிலிருந்த மஞ்சள் பையின் காதை முறுக்கிக்கொண்டே கேட்டாள்: “நான் இந்த ஊரைத் தாண்டிப் போனதில்லைங்களே மேடம். எனக்கு எப்படிங்க?” அவள் கணவர் அப்போது லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு வந்து உட்கார்ந்தார். பதினைந்து வருடம் லாரி ஓட்டியவர். “இத்தனை வருசத்துல என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க” என்றார். மனைவியின் ரத்தத்தின் வழியாகத்தான் அவருக்குத் தன் நோய் தெரிந்தது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். நாடு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ரத்த மாதிரிகள் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. அவர்களில் பலர் கைதாகி அரசு இல்லத்தில் அடைபட்டிருந்தவர்கள். அந்தப் பெண்களிடம் வந்துபோன ஆண்களைத் தேடி யாரும் ஊசி எடுத்துப் போகவில்லை. பின்னால் லாரி ஓட்டுநர்கள் பேசப்பட்டார்கள். அப்போதும் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்கள் என்றுதான் பேச்சு. அவர்களும் நோய்க்குப் பயப்படுகிற மனிதர்கள் என்ற நினைப்பு அதில் இல்லை.

இன்றைய ஆராய்ச்சியிலும் இந்த இடைவெளி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாகப் போடப்படும் லெனாகாபாவிர் தடுப்பு மருந்தின் முடிவுகள் 2024இல் வந்தபோது நான் மகிழ்ந்து போனேன். பர்பஸ் 1 ஆய்வில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. பர்பஸ் 2 ஆய்வில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநர்களும் இருந்தார்கள். பெண்களோடு மட்டும் உறவுகொள்ளும் ஆண்கள் இரண்டிலும் இல்லை. தொற்று அதிகமுள்ள குழுக்களில்தான் மருந்தின் பலன் விரைவில் தெரியும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விளைவு என்ன? மாத்திரையோ ஊசியோ, ஆண் பெண் உறவில் நோயைத் தடுக்கும் பொறுப்பு மறுபடியும் பெண்ணின் உடம்பின்மேல்தான் விழுகிறது. ஆணை ஆய்வுக்கு வெளியே நிறுத்துவது அவனுக்குப் பாதுகாப்பு ஆகாது. அவனுக்கும் அது அநீதி, அவளுக்கும் அநீதி.

ஆகவே அவனைக் கூப்பிடுங்கள். எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் நான் எழுத வந்த விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆய்வுக்குழு லாரிப் பட்டறைக்கு வந்தது. துணைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம், எந்த வாயும் பேசாத தமிழில். ஓட்டுநர் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார். போடும் முன் ஒன்றே ஒன்று கேட்டார்: “வீட்டுக்கு ஃபோன் வருமா?” குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒன்பது பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை.

ஒரு ஆண் ஆய்வில் சேரும்போது, கையெழுத்துப் போடாத ஒரு பெண்ணும் கூடவே சேர்ந்துவிடுகிறாள். உகாண்டாவின் ராகாய் பகுதியில் நடந்த ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. விருத்தசேதனம் ஆணுக்குத் தொற்று வராமல் பெருமளவு காக்கிறது என்பது அதற்கு முன்பே உறுதியாகியிருந்தது. ஏற்கெனவே தொற்றுள்ள ஆணுக்கு அதைச் செய்தால் மனைவியையும் காக்குமா என்று பார்த்தார்கள். காக்கவில்லை. புண் ஆறுமுன் உறவுகொண்ட தம்பதியரிடம் மனைவிக்குத் தொற்றுவது கூடுதலாகவே தென்பட்டது. 2009இல் வெளிவந்த இந்த உண்மை எப்படித் தெரிந்தது? மனைவியரையும் ஆய்வில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்ததால்தான். சென்னையும் பங்கேற்ற எச்.பி.டி.என். 052 ஆய்வும் 1,763 இணையரை இணையராகவே சேர்த்தது. தொற்றுள்ளவர் கூட்டு மருந்தை முன்னதாகத் தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று அது 2011இல் உலகுக்குச் சொன்னது.

அதற்காக, எல்லா ஆய்விலும் மனைவியைக் கூட்டிவரச் சொல்வதும் சரியாகாது. கணவரின் முடிவு வெளியே வந்ததால் அடி வாங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தாய் வீட்டுக்கு விரட்டப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. மருத்துவரோ ஆலோசகரோ துணைவருக்கு எப்போது சொல்லலாம் என்பதற்கு அது நிபந்தனை வைக்கிறது. வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ அஞ்ச இடமிருந்தால் சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டத்தில் இருக்கும் இந்தக் கவனம் ஆய்வுக்களத்துக்கும் வர வேண்டும்.

தங்களிடம் நான் வேண்டுவது மூன்று.

முதலாவது, ஆண்களைச் சேர்க்கும் எந்த எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி தரும் முன், வீட்டிலிருக்கும் துணைவருக்கு என்ன ஆபத்து வரலாம், அதை எப்படித் தடுப்பீர்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, இடமும் நேரமும். மதுக்கடை வாசலில் குடித்திருப்பவரிடமும், முதலாளி நிற்கும் பட்டறையில் தொழிலாளியிடமும் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. ஒருநாள் கூலியை இழந்து வருகிறவருக்கு வருமான இழப்பை ஈடுசெய்யலாம் என்று கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களே சொல்கின்றன. அந்தத் தொகை கூலிக்கு ஈடாக இருக்கட்டும், ஆசை காட்டும் அளவுக்கு வேண்டாம்.

மூன்றாவது, ஆய்வைத் திட்டமிடும் மேசையில் ஓட்டுநர்களும் கட்டடத் தொழிலாளர்களும், தொற்றோடு வாழும் பெண்களும் உட்கார வேண்டும். படிவம் அவர்கள் பேசும் தமிழில் இருக்க வேண்டும்.

ஏழாம் மாதத்தில் வந்த அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுத்தோம். குழந்தைக்குத் தொற்று இல்லை. கணவரும் ஒழுங்காக மருந்து எடுக்கிறார். அவரிடம் யாராவது முன்பே கேட்டிருந்தால் அவளுக்கு இந்த மருந்தே தேவைப்பட்டிருக்காது என்ற எண்ணம் மட்டும் என்னை விடவில்லை. அடுத்த முறை ஒரு ஓட்டுநர் பேனாவைத் திறந்துகொண்டு “வீட்டுக்கு ஃபோன் வருமா?” என்று கேட்கும்போது, படிவத்தின் முதல் பக்கத்திலேயே அதற்குப் பதில் இருக்கட்டும்.

பணிவுடன்,
நம்பிக்கை மையத்தின் முன்னாள் ஆலோசகர்,
நாமக்கல் மாவட்டம்.