அச்சமும் நினைவாற்றலும்

தேர்வு நெருங்குகையில் கிளியூர் அருவிக்குச் சென்றுவர மாணவர் இசைவு கேட்டால் மறுத்துவிடுகிறோம். அச்சமே படிக்கவைக்கும் என்னும் எண்ணம் வகுப்பறையிலும் ஓதும் பள்ளியிலும் வேரூன்றியுள்ளது. ஆய்வுகள் இதற்கு மாறாகப் பேசுகின்றன.

பிறந்த பின்னரும் எலியின் மூளையில், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில், புதிய நரம்பணுக்கள் தோன்றுவதை ஆல்ட்மனும் கோபால் தாசும் 1965இல் காட்டினர். சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளிடம் அவை பெருகியதை 1999இல் கண்டனர். (கிளியூரில் இறங்கி ஏறுவதும் நல்ல ஓட்டந்தான்!) நீடித்த மன அழுத்தமோ அவற்றைக் குறைக்கிறது. மனிதரிடம் அவை எத்துணை தோன்றுகின்றன என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு.

பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழுவினர், நாளும் 2 மணி நேரமாக 10 நாட்கள் எலிகளை அசையவிடாது கட்டுப்படுத்தினர். ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்தை ஆளும் அமிக்டலாவின் கிளைகள் தழைத்தன. இது 2002இல் வெளிவந்தது. பின்னர் 21 நாட்கள் ஓய்வளித்தும் அமிக்டலாவின் பெருக்கம் அடங்கவில்லை என்பதை 2004இல் அறிவித்தனர். இதுவே என்னை உறுத்துகிறது.

எலியிடம் கண்டது பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று கூறேன். ஆயினும் குர்ஆனை மனனம் செய்யும் சிறுவனிடம் பிரம்பையும், பருவத்தேர்வு எழுதும் மாணவியிடம் மிரட்டலையும் இவ்வாண்டே கைவிடுமாறு பெரியோரை வேண்டுகிறேன்.