சர்வகலாசாலைப் பொருளாதாரமும் பூரணாங்குப்பமும்

பொருளாதாரக் கொள்கையைச் சில வாரங்களிலோ ஒரு வருஷத்திலோ கற்பித்துச் சான்றிதழ் வழங்கும் வகுப்புகள், நமது தேசத்துச் சர்வகலாசாலைகளிலும் அந்நிய நாடுகளிலும் பெருகி வருகின்றன. இவ்வளவு சொற்ப காலத்தில் என்ன கற்றுவிட முடியும் என்று ஏளனம் செய்வோர் உண்டு. அந்த ஏளனத்தில் நாம் சேரமாட்டோம். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து வாலிபர்கள் இவ்வகுப்புகளில் சேரவேண்டுமென்பதே நமது விருப்பம். ஆனால் சேருமுன் அவர்கள் ஒரு தமிழரின் வாழ்க்கையை அறிந்துகொள்ளட்டும்.

1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழில் பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி வந்தவர். 1927இல், முப்பத்தைந்து வயதில், அவர் அமெரிக்கா சென்றார். சைரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகம் படித்தபின், கொலம்பியாவில் பேராசிரியர் ஸெலிக்மனிடம் பொதுநிதி பயின்றார். இரண்டும் சேர்ந்து இரண்டு வருஷங்கூட ஆகவில்லை. இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்பதை வரி வசூலிலும் சர்க்கார் செலவிலும் தேடிப் பார்த்ததே அவர் எழுதிய ஆராய்ச்சி. இராணுவத்துக்கும் கடனுக்கும் எவ்வளவு போகிறது, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கன் கண்ணோடு பார்த்தவருக்கு, ஏகாதிபத்தியத்தின் தர்மோபதேசங்களெல்லாம் எந்தப் பேரேட்டிலும் ஏறாத வெறும் வார்த்தைகளாகத் தோன்றியதில் வியப்பென்ன? மகாத்மா காந்தி 1929ஆம் வருஷக் கடைசியிலிருந்து அவ்வாராய்ச்சியைத் தமது 'யங் இந்தியா'வில் தொடர்ந்து வெளியிட்டார்.

காந்திஜி அத்துடன் விட்டாரா? இல்லை. குஜராத்தில் கேடா ஜில்லா மாத்தர் தாலுகாவுக்குப் போய்க் கிராமங்களின் வரவு செலவை ஆராய்ந்து வரச் சொன்னார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் துணை நின்றார்கள். குடும்பம் குடும்பமாக நிலம், மாடு, கடன், தீர்வை எல்லாம் குறிக்கப்பட்டன. 1931இல் அந்த அறிக்கை புஸ்தகமாக வெளிவந்தது. கொலம்பியாவில் பொக்கிஷத்தை மேலிருந்து பார்த்தவர், மாத்தரில் அதே பொக்கிஷத்தைக் கீழிருந்து பார்த்தார். அதே வருஷத்தில், இந்தியாவின் தலையில் ஏற்றப்பட்ட கடன்களில் எது நியாயம், எது அநியாயம் என்று விசாரிக்கக் காங்கிரஸ் நியமித்த கமிட்டியில், பூலாபாய் தேசாய், கே. டி. ஷா முதலியோருடன் அவரும் இடம்பெற்றார். கிராமக் கணக்கைக் கையில் வைத்திருந்தவனுக்கு அங்கே ஒரு பலம் இருந்தது. அதை எந்தப் பட்டமும் தந்திராது.

இம்முறை நம் பக்கத்துக்கும் புதிதன்று. 1915இல் சென்னைச் சர்வகலாசாலைக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், மாணவர்களை அவரவர் கிராமங்களை ஆராய்ந்து எழுதத் தூண்டினார். 1918இல் வெளிவந்த அத்தொகுப்பில், விழுப்புரத்துக்குத் தெற்கேயுள்ள இருவேல்பட்டும் ஒன்று. 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. ஸி. ராமகிருஷ்ணனும் அக்கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். ஆங்கிலேயர் செய்த காரியம் ஆயிற்றே என்று நாம் இதை மறைக்கவேண்டியதில்லை.

இருவேல்பட்டில் நடந்தது பூரணாங்குப்பத்தில் ஏன் நடக்கக்கூடாது? அரியாங்குப்பத்துக்குத் தெற்கே, வயலும் கடலும் அருகருகே உள்ள ஊர் அது. கொள்கை வகுப்பில் மேல்நாட்டு நிபுணர்கள் ஓயாது வாதிக்கும் பிரச்னை ஒன்று, அங்கே ஒவ்வொரு அடுப்படியிலும் அநுபவமாகிவிட்டது. ஏழைக்குத் தானியம் கொடுப்பதா, பணம் கொடுப்பதா என்பதே அது. 2015 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பாங்கிக் கணக்கில் பணம் போடும் பரீட்சையைத் தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. அதன்பின் அரிசியா பணமா என்ற வழக்கு சட்டசபையிலும் கவர்னர் மாளிகையிலும் ஹைக்கோர்ட்டிலும் அலைந்தது. 2024இல் ரேஷன் கடைகள் மறுபடி திறக்கப்பட்டு அரிசி வழங்கப்பட்டது. இத்தனை வருஷங்களில் வந்த பணத்துக்குக் கடைத்தெருவில் எத்தனை படி அரிசி கிடைத்தது? விலை ஏறியபோது பணம் ஏறிற்றா? அதை எடுத்தது வீட்டுத் தலைவனா, தலைவியா? பாங்கிக்குப் போய்வர எத்தனை நாட்கூலி நஷ்டம்? வகுப்பில் படித்த தத்துவத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இக்கேள்விகளால் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். பணமே மேலென்று சாட்சியம் வந்தாலும் நமக்கு ஆட்சேபமில்லை. சாட்சியத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வதையே ஆட்சேபிக்கிறோம்.

அரசியல் ஊழியர்களுக்கு இப்படிப்பு இன்னும் அவசியம். புதுச்சேரிக்குச் சட்டசபை உண்டு, மந்திரிசபை உண்டு. ஆயினும் அது மாநிலமன்று என்ற காரணத்தால் நிதிக் கமிஷன்கள் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வரிப்பங்கில் அதற்கு இடமில்லை. மத்திய உள்துறை வழியே வரும் மானியத்தையும், சொந்த வரிகளையும், 2007இல் தனிப் பொதுக்கணக்கு ஏற்பட்டபின் வெளிச்சந்தையில் வாங்கும் கடனையும் கொண்டே அது காலம் தள்ளிவந்திருக்கிறது. இதை அறியாத ஊழியர் மேடையேறி டில்லியைத் திட்டலாம், உள்ளூர் மந்திரியையும் திட்டலாம். எதிலும் அரைப்பங்கு நியாயமே இருக்கும். கேட்கிற ஜனங்களோ முழு நியாயம் கிடைத்ததாக எண்ணி வீடு திரும்புவார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. 1880இல் பிரெஞ்சு ஆட்சி கொம்யூன்களை ஏற்படுத்தி மேயர்களை வைத்தது. சுதந்திர ஆட்சியிலோ, 1968இல் ஒரு ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தபின் அடுத்தது நடக்க 2006 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று! அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பின்னும் கொம்யூன் கணக்குகள் வருஷக்கணக்கில் உத்தியோகஸ்தர் கையிலேயே இருந்தன. ஜனப் பிரதிநிதி இல்லாத இடத்தில் கணக்குப் படிக்கத் தெரிந்த பத்து வாலிபர்களாவது ஊருக்கு வேண்டும். வீட்டுவரி எவ்வளவு வசூலாயிற்று, வடிகாலுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்க அந்நிய நாட்டுச் சான்றிதழ் தேவையில்லைதான். கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் எது விடுபட்டிருக்கிறது என்று கண்டுகொள்ளப் பயிற்சி தேவை.

ஆகவே, காலாப்பட்டிலுள்ள புதுவைச் சர்வகலாசாலையை நாம் கேட்பது இதுதான். இத்தகைய குறுகிய வகுப்பொன்றைத் தமிழிலும் நடத்தட்டும். சம்பளம் கட்ட இயலாத கிராமத்து மாணவருக்கு உபகாரச் சம்பளம் அளிக்கட்டும். வகுப்பின் கடைசி மாதத்தில் மாணவரைப் பூரணாங்குப்பம் போன்ற கிராமங்களுக்கு அனுப்பி, நூறு குடும்பங்களின் வரவு செலவை எழுதிவரச் செய்யட்டும். எழுதிய அறிக்கையை, விவரம் கொடுத்த குடும்பங்களின் எதிரிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்த பிறகே சான்றிதழில் கையெழுத்திடட்டும்.