விசிறிக்கு முன்னால் ஒரு ஆசனம்

மேஜை விசிறி சுழலும்போது குழந்தை விரலை அருகே கொண்டுபோனால், அடுப்படியில் இருந்தபடியே அலறுகிறோம், இல்லையா? அந்த விசிறி ஆள் உயரத்துக்கும் மேலே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டினாற்போல் ஓர் ஆசனம் போட்டு, "ஏறி உட்கார்!" என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அதுவும் ஆகாயத்திலே!

1915-ல் பிரான்ஸ் தேசத்தில் நிஜமாகவே இப்படி ஒரு யுத்த விமானம் செய்தார்கள். 'ஸ்பாட் ஏ-2' என்று பெயர். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் கொண்டது.

செய்த கம்பெனியின் கதையே ஒரு தொடர்கதைக்குத் தாங்கும். தொடங்கியவர் டெபர்டூஸன், ஒரு பட்டு வியாபாரி. 1913-ல் அவருடைய பந்தய விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. அதே வருஷம் பண மோசடிக்காக அவரைக் கைது செய்துவிட்டார்கள்! கம்பெனியை எடுத்துக்கொண்டவர், 1909-ல் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோ. 'ஸ்பாட்' என்ற எழுத்துக்களை மாற்றாமல், அதற்கு விரிவை மட்டும் சாமர்த்தியமாக மாற்றினார்கள்.

சரி, அந்த ஆசனம் எதற்கு? விமானத்தின் மூக்கில் விசிறி. அதன் பின்னாலிருந்து நேரே சுட்டால், நம்முடைய குண்டே நம் விசிறியைப் பிளந்துவிடும். ரோலந் காரோஸ் என்ற வீரர் விசிறியில் எஃகுத் தகடு பொருத்தி, படும் குண்டுகள் தெறித்துப் போகும்படி செய்து பார்த்தார். 1915 ஏப்ரலில் அவரும் விமானமும் ஜெர்மானியர் கையில் சிக்கிவிட்டனர். சீக்கிரமே ஜெர்மானியரின் ஃபோக்கர் விமானங்கள், விசிறியின் இடைவெளி பார்த்துச் சுடும் பொறியோடு வந்தன.

ஸ்பாட் நிபுணர் லூயி பெஷரோ வேறு வழி கண்டார். விசிறிக்கு முன்னால் ஒரு சிறு கூண்டைக் கட்டி, துப்பாக்கிக்காரனை அதில் உட்காரவைத்தார். காட்சி என்னவோ பிரமாதம்தான். எதிரே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் விசிறி. அதற்கும் பின்னால் விமானி. இவன் கத்துவது அவனுக்குக் கேட்காது. தரையில் இறங்கும்போது விமானம் குப்புறக் கவிழ்ந்தால், முதலில் நசுங்குவது கூண்டு. மேலே வந்து அழுத்துவது எஞ்சின். வரைபடத்தில் இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லையா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மொத்தம் நூற்றுக்குச் சற்றுக் குறைவாகவே செய்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் ரஷ்யாவுக்குப் போய்விட்டன.

பெஷரோ சோர்ந்துவிடவில்லை. ஹிஸ்பானோ-ஸூயிஸா கம்பெனியின் மார்க் பிர்கிட் செய்த புதிய எஞ்சின் அவருக்குக் கிடைத்தது. கூண்டை எடுத்தெறிந்துவிட்டு, விசிறியோடு இசைந்து சுடும் துப்பாக்கியை வைத்து, 1916-ல் 'ஸ்பாட்-7' என்ற ஒற்றை ஆள் விமானத்தைப் பறக்கவிட்டார். அது 3,000-க்கு மேல் உற்பத்தியாயிற்று.

அதில் பேர் பெற்றவர் ஜார்ஜ் கினெமெர். பலவீனமான தேகம் என்று சேனையில் சேர்க்க மறுக்கப்பட்ட பையன்! மெக்கானிக் வேலைக்குப் பழகும் மாணவனாக நுழைந்து, விமானியாகி, ஐம்பதுக்கு மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தினார். 1917 செப்டம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் மீது பறந்தவர் திரும்பவில்லை. வயது 22.

பாரிஸ் அருகே லெ பூர்ஷே விமானக் காட்சிசாலையில் அவருடைய ஸ்பாட்-7 ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் அவர் எழுதிவைத்த செல்லப் பெயர்: 'கிழட்டு சார்லஸ்'.