ஒன்றாம் தேதி சம்பளம் வருமா?

இன்றைய உலகம் செய்தியும் காட்சியும் ஆளும் உலகம். காலையில் கண் விழித்தது முதல் இரவு செபம் சொல்லிப் படுக்கும் வரை நாம் பார்ப்பவையும் கேட்பவையும் படிப்பவையும் எத்தனை எத்தனை! நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம், விளம்பரம், கைப்பேசியில் ஓடும் குறும்படம் என ஒவ்வொன்றின் பின்னாலும் பலருடைய உழைப்பு இருக்கிறது. அவர்களுள் நானும் ஒருத்தியாக வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

சென்ற ஆண்டு ஒருநாள் சிஸ்டர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி, "நீ என்ன ஆக விரும்புகிறாய்?" என்று கேட்டார்கள். மருத்துவர், செவிலியர், ஆசிரியை, வங்கி அதிகாரி என்று தோழியர் வரிசையாகச் சொன்னார்கள். நான் "திரைப்படத் தொகுப்பாளர்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்லது. அந்த வேலையில் ஒன்றாம் தேதி சம்பளம் வருமா என்று விசாரித்தாயா?" என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை அப்பாவும் அதையே கேட்டார்கள்.

அப்பா கேட்டதற்குக் காரணம் உண்டு. என் தாய்மாமா சினிமா பேனர் ஓவியர். சாரத்தின் மேல் நின்று ஆளுயரக் கண்களையும் மூக்கையும் தீட்டியவர்கள். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் ஃப்ளெக்ஸ் பேனர்கள் பெருகவே, அந்தத் தொழில் ஓரிரு ஆண்டுகளில் கையை விட்டுப் போயிற்று. வைப்பு நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை, இத்தனை ஆண்டு உழைத்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இப்போது திருவிழாக் காலங்களில் சப்பரத்துக்கும் சுரூபங்களுக்கும் வண்ணம் தீட்டுகிறார்கள். மாமாவின் கைத்திறனில் குறையே இல்லை. ஆனால் எந்த விதமான வேலையில் இருக்கிறோம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணும்படி யாரும் சொல்லவும் இல்லை.

ஆகவே விசாரித்தேன். நான் அறிந்தவற்றைத் தோழியருக்குச் சொல்கிறேன்.

முதலாவது, நிரந்தர வேலை. பத்திரிகை அலுவலகத்திலோ தொலைக்காட்சி நிலையத்திலோ மாதச் சம்பளம். சம்பளத்தில் 12 விழுக்காடு வைப்பு நிதிக்குப் பிடிக்கப்படும். நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தும். முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் பேறுகால விடுப்பும் உண்டு. இரண்டாவது, ஒப்பந்த வேலை. ஓராண்டுக்கோ, ஒரு நிகழ்ச்சி முடியும் வரையிலோ வேலை. மூன்றாவது, படப்பிடிப்புகளில் உள்ளதுபோல் நாள் கணக்கில் சம்பளமும் பேட்டாவும் பெறுவது. படப்பிடிப்பு இல்லையேல் வருமானமும் இல்லை. நான்காவது, ஃப்ரீலான்ஸ் என்னும் சுயேச்சைப் பணி. ஓவியர், மொழிபெயர்ப்பாளர், புகைப்படக் கலைஞர் பலர் இவ்வகையினர். நேரம் நம்முடையது, நஷ்டமும் நம்முடையதே.

இவற்றுள் எது சிறந்தது? ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பெறுகிறோம், ஒன்றை இழக்கிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதுவது, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், பெரும்பாலும் முதலாளிக்கே சொந்தம். சுயேச்சையாகக் கதை எழுதுபவருக்கோ, எழுத்து மூலம் விட்டுக்கொடுக்கும் வரை அது அவருடையதே. எத்தனை ஆண்டுக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். இதை அறியாமல் கையெழுத்துப் போடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டிலிருந்தே விளம்பரங்களுக்குப் படம் வரைகிறார்கள். ஒரு நிறுவனம் மூன்று மாத வேலையை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் பணம்" என்று சொல்லியே ஓராண்டைக் கடத்திவிட்டது. எல்லாம் வாய்ப்பேச்சு. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" அன்றோ? இப்போது அக்கா பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் பென்சிலைத் தொடுவதில்லை.

"பெண்களுக்கு இத்துறை ஏற்றதா?" என்று பெரியோர் கேட்கின்றனர். 1936-லேயே டி. பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா' படத்தை இயக்கினார். 1985-ல் 'சின்ன வீடு' படத்துக்கு பி. ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவு செய்தார். திறமை பற்றிய ஐயம் இனி வேண்டாம். பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானதே. கேரளத் திரைத்துறையில் பெண்கள் பலர் எழுத்து மூலமான ஒப்பந்தமும் படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறையும் இன்றி வேலை செய்வதை, 2024-ல் வெளியான நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டுமன்றி ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலி பெறுவோர், பயிற்சியாளர் ஆகியோருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் புகார்க் குழு இருந்தே தீர வேண்டும். அச்சத்தால் ஒதுங்குவதைவிட, "உங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே நுழைவதே மேல் என்பது என் கருத்து.

வேலை கிடைப்பது எப்படி? இத்துறையில் பல வேலைகள் விளம்பரத்துக்கு வருவதில்லை. தெரிந்தவர் மூலமே கிடைக்கின்றன. நமக்குத் தெரிந்தவர் யார்? ஒருவரும் இல்லை. எனவே நாம் செய்த வேலைதான் நமக்காகப் பேச வேண்டும். இந்த ஆண்டு மலருக்கு வரைந்த படம், ஆண்டு விழா நாடகத்துக்கு எழுதிய வசனம் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்து வைப்போம். பிளஸ் டூ முடித்ததும் சென்னைத் தரமணியிலுள்ள அரசு திரைப்பட நிறுவனத்துக்கோ, சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகளுக்கோ விண்ணப்பிக்கலாம். "அனுபவம் கிடைக்கும், சம்பளம் கிடையாது" என்று அழைப்போரிடம், எத்தனை மாதத்துக்கு என்று முதலில் கேட்போம்.

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்ற காலம் மலையேறிவிட்டது. தோழியரே, கலையைக் கற்பது போலவே கணக்கையும் கற்போம்! கூச்சத்தை விட்டுக் கூலியைக் கேட்போம்!

சிஸ்டரின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: "எல்லா மாதமும் வராது, சிஸ்டர். வராத மாதத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன்." இதை அப்பாவிடமும் சொன்னேன். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தரமணிக்கு விண்ணப்பம் எப்போது தருவார்கள்?" என்று கேட்டார்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி