சின்னச் சேவல் ஊர் திரும்பியது



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் இல்லங்கள் நம்மிடையே பல உண்டு. கப்பியும் மோலியும் முட்டையிடாமல் குட்டி ஈனும் மீன்கள் என்பதைச் சிறுவரும் அறிவர். அவ்வாறே குட்டி ஈன்றும், கடைகளில் எளிதிற் கிட்டாத வேறொரு மீன்குலம் மெக்சிகோ நாட்டின் மேட்டுநிலங்களில் வாழ்கின்றது. அதற்குக் கூடெயிட் என்று பெயர். அதில் ஒரு சிறுமீனின் வரலாறு நாம் அறியத்தக்கது.

முதலில் இனங்காணும் முறையைப் பார்ப்போம். ஆண் கப்பியின் அடிவயிற்றுத் துடுப்பு ஒரு சிறு கோல்போல் நீண்டிருக்கும். கூடெயிட் ஆணுக்கோ அத்துடுப்பின் முன்பகுதி குறுகி, ஒரு பிளவினால் பிரிந்து நிற்கும். கப்பிக் கரு பெரும்பாலும் தன் முட்டைக் கருவுணவினாலேயே வளர்கின்றது. கூடெயிட் கருவோ நாடா போன்ற உறுப்புகளின் வழியாகத் தாயிடமிருந்து உணவு பெறுகின்றது. அதனால் குட்டிகள் எண்ணிக்கையிற் குறைந்தும் உருவிற் பெருத்தும் பிறக்கின்றன. மேலும், கப்பி ஒருமுறை இணைந்தபின் பலமுறை ஈனும். கூடெயிட் ஒவ்வொரு பேற்றுக்கும் மீண்டும் இணைய வேண்டும்.

ஹலிஸ்கோ மாநிலத்தில், தெக்கீலா எரிமலைக்கு அருகே, தெயுச்சித்லான் என்னும் ஊரில் ஓர் ஆறு பிறக்கின்றது. அந்த ஆற்றிலன்றி வேறெங்கும் இல்லாத மீனொன்று அங்கு வாழ்ந்தது. ஆணின் வாலில் பிறைபோன்ற செம்மஞ்சட் கோடு ஒளிரும். ஊரார் அதனைச் 'சின்னச் சேவல்' என்று அழைத்தனர். அறிவியலார் அதனைத் தனியினமெனக் கண்டு, எரிமலையின் பெயரால் சூகோனெத்திகஸ் தெக்கீலா என்று பெயரிட்டது 1998-இல்தான். அதற்குள் ஆறு மாசடைந்திருந்தது. அயல்நாட்டு மீன்களும் புகுந்திருந்தன. 2003-ஆம் ஆண்டளவில் அம்மீன் தன் ஆற்றிலிருந்தே மறைந்தது.

எனினும் அது அழிந்துவிடவில்லை. சில மீன் ஆர்வலர்கள் அதைத் தம் தொட்டிகளில் பிற மீன்களோடு கலவாமல் காத்து வந்தனர். 1998-இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்கியற் பூங்காவிலிருந்து ஐந்தே இணைகள் மொரேலியா நகரின் மிச்சோகன் பல்கலைக்கழகத்தை அடைந்தன. அங்கே அவை பெருகின. 2014-இல் நாற்பது ஆணும் நாற்பது பெண்ணும் செயற்கைக் குளங்களில் விடப்பட்டு, பகை மீனையும் நோயையும் எதிர்த்து வாழப் பழகின. பின்னர், 2017-ஆம் ஆண்டையொட்டி, ஏறத்தாழ 1,500 மீன்கள் தாய் ஆற்றுக்கே திரும்பின. இன்று அவை அங்கே இனம் பெருக்குகின்றன.

இம்மீனை வளர்ப்பது அரிதன்று. சற்றுக் குளிர்ந்த நீர், அடிக்கடி ஒரு பங்கு நீரை மாற்றுதல், அடர்ந்த நீர்ச்செடிகள், சிறு நீருயிர்களோடு பாசியும் கலந்த உணவு ஆகியவை போதும். இன்றியமையாத விதி ஒன்றுதான்: ஒரு தொட்டியில் ஓரினமே இருக்கட்டும், அதன் பெயரும் பிறந்த இடமும் தொட்டியின்மேல் எழுதப்பட்டிருக்கட்டும். ஒத்த தோற்றமுடைய உறவினங்கள் கலந்துவிட்டால், கண்ணுக்கு அழகிய மீன் எஞ்சலாம். ஆற்றுக்குத் திருப்பித் தரத்தக்க மீன் எஞ்சாது. அந்த ஐந்து இணைகளின் பெருமை, அவை இன்னவை என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்ததிலேயே இருந்தது.

இன்னுமொன்று. மீன் வளர்ப்பதில் சலிப்புற்றோர் சிலர் தொட்டி மீன்களைக் கொண்டுபோய் ஊர்க் குளத்தில் விட்டுவிடுகின்றனர். இரக்கத்தால் செய்வதாயினும் அது தீங்கே. தெயுச்சித்லானின் சின்னச் சேவலை விரட்டியவற்றுள் வேற்று நீரிலிருந்து வந்த மீன்களும் அடங்கும். வளர்க்க இயலாதபோது, வளர்க்கத் தெரிந்த மற்றொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

அந்த ஆர்வலர்கள் செய்ததெல்லாம் நாள்தோறும் உணவிட்டு, நீர் மாற்றி, பெயரை மறவாமல் வைத்ததே. ஓர் ஆறு இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கு அதுவே போதுமாயிருந்தது. நம் வீட்டுக் கூடத்துத் தொட்டியையும் பிள்ளைகள் அத்தகைய கருத்தோடு பேணுவார்களாக.