சுவர் உதிர்ந்தால் யாரைக் கேட்பது?



சென்ற திங்கள் வந்த மடல்களுள் ஒன்று, நான்கு பக்கங்களில் நெருக்கமான கையெழுத்தில் ஒரு குடும்பத் தலைவி எழுதியது. அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கும் ஒரு வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டுகள் ஓலைக் குடிசையில் மழைக்குப் பாத்திரம் ஏந்தி வாழ்ந்தவர் அவர். அந்த மகிழ்ச்சி முதற் பக்கம் முழுவதும் நிறைந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் துயரம் தொடங்குகிறது. குடியேறிய ஐந்தாம் மாதமே சமையலறைச் சுவரின் பூச்சு விரல் பட்டாலே மாவாய் உதிர்கிறதாம். குளியலறையின் மேற்கூரையில் ஈரம் கசிகிறதாம். "பொறியாளர் ஐயாவைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கை காட்டுகிறார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள், மேலே கொடுத்த வரைபடப்படிதான் கட்டினோம் என்கிறார்கள். என் வீட்டுக்காரரோ, கொடுத்த வீட்டைக் குறை சொல்லாதே என்று என்னை அடக்குகிறார். யாரைத்தான் கேட்பது?" என்று முடிக்கிறார்.

முதலில் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு சொல். ஐயா, அது யாரும் இரங்கிக் கொடுத்த வீடன்று. பயனாளிப் பங்குத் தொகை என்று தாங்கள் கட்டிய பணம் அதில் இருக்கிறது. எஞ்சியது நாட்டு மக்களின் வரிப்பணம். தாங்கள் வாங்கும் தீப்பெட்டியிலும் அதில் ஒரு துளி உண்டு. கேட்பது தங்கள் உரிமை. தங்கள் துணைவியார் கேட்டதில் தவறேதும் இல்லை.

இனி அவர்தம் கேள்விக்கு வருவோம். பொதுப்பணத்தில் எழும் எந்த வீடும் மூன்று கைகளைக் கடந்து வருகிறது. வரைந்து கணக்கிடும் கை ஒன்று. கட்டும் கை மற்றொன்று. கட்டியதைப் பார்த்து ஒப்பமிடும் கை மூன்றாவது. இந்த மூன்றாம் கை மற்ற இரண்டுக்கும் கட்டுப்படாததாய் இருத்தல் வேண்டும். இஃது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உணர, இலண்டன் மாநகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இலண்டனின் கிழக்குப் பகுதியில் நியூகாம் என்னும் நகராட்சி, ஏழை எளிய தொழிலாளர் குடும்பங்களுக்காக 22 மாடிகளும் 110 வீடுகளும் கொண்ட கோபுரம் போன்ற குடியிருப்பு ஒன்றை எழுப்பியது. ரோனன் பாயிண்ட் என்று பெயர். போரில் வீடிழந்தவர்களும் குடிசைவாழ் மக்களும் பெருகியிருந்த காலம் அது. விரைவாகக் கட்ட வேண்டும். உயரமாகக் கட்டினால் வீட்டுக்கு இவ்வளவு என்று அரசு மானியமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிப் பொருத்தும் முறையைக் கைக்கொண்டார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த அம்முறை, அவ்வளவு உயரத்துக்கென வகுக்கப்பட்டதன்று. பலகைகளைத் தாங்கி நிற்கும் எலும்புக்கூடு என்று தனியாக எதுவும் இல்லை. சுவரே தூண், சுவரே தாங்கல்.

1968 மார்ச்சில் மக்கள் குடியேறத் தொடங்கினர். மே 16 அன்று விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன், 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போடத் தீக்குச்சியைக் கிழித்தார். அடுப்புக்குச் செல்லும் குழாயின் தரமற்ற பித்தளை மரையொன்று விட்டுப்போய், எரிவாயு அறையில் நிரம்பியிருந்தது. வெடிப்பு ஒன்றும் பேரளவினதன்று. அந்தப் பெண்மணியே உயிர் பிழைத்தார். ஆயினும் அது மூலைச் சுவர்ப் பலகையை வெளியே தள்ளிவிட்டது. தாங்கலை இழந்த மேல்மாடிகள் சரிந்தன. அவற்றின் கனத்தால் கீழ்மாடிகளும் தரைவரை ஒன்றன்பின் ஒன்றாய் நொறுங்கின. நால்வர் மாண்டனர், 17 பேர் காயமுற்றனர். சரிந்தவை பெரும்பாலும் கூடங்கள். மக்களோ படுக்கையறைகளில் உறங்கிக்கொண்டிருந்தனர். அதனால் சாவு அத்தோடு நின்றது.

கிரிஃபித்ஸ் என்னும் வழக்கறிஞர் தலைமையில் விசாரணை நடைபெற்று, அதே ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. கட்டடம் அன்றைய விதிகளை மீறவில்லை. ஒரு சுவர் போனால் அத்தனையும் போகும் என்பதை விதி எழுதியோரே எண்ணிப் பார்க்கவில்லை என்று அது கூறியது. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் நகராட்சி ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் விட்டிருந்தது. கணக்கிட்ட பொறியாளர்களும் அதே நிறுவனக் குடும்பத்தைச் சார்ந்தவர்களே. தன் எழுத்தைத் தானே திருத்தும் மாணவன் எத்தனை பிழையைக் காண்பான்?

விதிகள் 1970இல் திருத்தப்பட்டன. ஐந்து மாடிகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில் ஓரிடத்துச் சேதம் முழுக் கட்டடத்தையும் வீழ்த்தாதவாறு அமைத்தல் கட்டாயமாயிற்று. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ரோனன் பாயிண்டின் சரிந்த மூலையை மீண்டும் கட்டி, இணைப்புகளை வலுவூட்டி, மக்களை மறுபடி குடியேற்றினார்கள்! சாம் வெப் என்னும் கட்டடக் கலைஞர் மட்டும், இன்னும் ஆபத்து நீங்கவில்லை என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் நகராட்சி செவிசாய்த்து, குடியிருந்தோரை வெளியேற்றி, 1986இல் மாடி மாடியாகக் கழற்றியது. அப்போதுதான் உள்ளே இருந்தது வெளிப்பட்டது. சிமெண்டுக் கலவையை இறுக்கித் திணித்திருக்க வேண்டிய பலகை இணைப்புகளில் பழைய செய்தித்தாள்களும் குப்பையும் அடைந்து கிடந்தன. விசாரணைக் குழுவும் காணாத குறை அது. இணைப்பை மூடுமுன் அருகில் நின்று பார்க்க ஒரு கண் இல்லாமற் போனதே காரணம்.

அதே இலண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்ககம் தீக்கிரையாகி 72 பேர் மாண்டதையும், அங்கும் நகராட்சியின் கட்டட ஆய்வுப் பிரிவு கடமை தவறியது என்று 2024இல் விசாரணை அறிக்கை உரைத்ததையும் நினைத்தால் மனம் கசக்கிறது.

நிற்க. நம் ஊருக்கு வருவோம். இங்கே அரசுப் பணிகளில் மூன்றாம் கை பெரும்பாலும் துறைப் பொறியாளரே. நடந்த வேலையை அவர் அளந்து 'எம்-புக்' எனப்படும் அளவுப் புத்தகத்தில் பதிகிறார்; மேலதிகாரி சரிபார்த்த பிறகே ஒப்பந்தக்காரரின் பில் பாசாகிறது. ஆகவே, அம்மா, தங்கள் சுவரைப் 'பார்த்தேன், சரி' என்று ஒப்பமிட்ட ஒருவர் நிச்சயம் இருக்கிறார். ஒரு பழகிய கொத்தனாரைக் கேளுங்கள். பூச்சு உதிர்ந்தால், சிமெண்ட் குறைந்திருக்கும், இல்லையேல் பூசிய சுவருக்குப் போதிய நாள் தண்ணீர் விட்டு நனைத்திருக்கமாட்டார்கள் என்பார். இரண்டும் மேற்பார்வை இருந்தால் தடுக்கக்கூடியவையே. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவின் புதிய குடியிருப்பில் இதே புகார் எழுந்தது. மக்கள் ஒன்றாகக் குரல் கொடுத்ததால் சட்டமன்றம் வரை பேச்சாகி, வல்லுநர் ஆய்வும் நடந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 என்று ஒன்று உண்டு. அதைத் தாளில் எழுதியதைக் கேட்கும் சட்டம் என்று மட்டும் பலர் எண்ணுகின்றனர். அதன் 2ஆம் பிரிவில் (ஒ) போன்ற சிறு எழுத்துகளுக்கிடையே, நடந்த வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை தரப்பட்டுள்ளது. பத்து ரூபாய்க் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. முப்பது நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தரவேண்டும்.

கேட்க வேண்டியவை: தங்கள் கட்டடத்தின் மதிப்பீட்டில் பூச்சுக்கு எழுதியிருந்த சிமெண்ட், மணல் விகிதம்; அளவுப் புத்தகத்தின் நகல்; கான்கிரீட் கட்டிகளை 28ஆம் நாள் அழுத்திப் பார்த்த சோதனை முடிவுகள்; மூன்றாம் தரப்புத் தர ஆய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, குறைநீக்கப் பொறுப்புக் காலம் என்று முடிகிறது என்பதைக் கேளுங்கள். அக்காலம் முடியும் மட்டும், தோன்றும் குறையை ஒப்பந்தக்காரர் தம் செலவில் சரிசெய்யக் கடமைப்பட்டவர். அவருடைய பிணைத்தொகையில் ஒரு பகுதி அதற்காகவே அரசின் கையில் நிற்கும். அந்தத் தேதி கடந்து பணம் திரும்பிப் போய்விட்டால், பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

தனியாக எழுதாதீர்கள், அம்மா. மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லோரையும் கூட்டி, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு விண்ணப்பம் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்; ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உதிர்ந்த பூச்சைக் கூட்டி எறிந்துவிடாமல் ஒரு பையில் தேதி எழுதி வையுங்கள். வீட்டுக்காரரையும் ஒரு கையொப்பம் இடச் சொல்லுங்கள். பதில் வந்ததும் நமக்கு ஒரு வரி எழுத மறவாதீர்கள்.